‘தனமான’ என்று முடித்துவிட்டால் பெயரடை சரியாகிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் வேலையை முடித்துவிட்டு வந்து படியுங்கள். நாலு வரி படித்துவிட்டு “அருமை டீச்சர்” என்று கைகூப்பும் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த முறை எனக்கு வேண்டியது கைகூப்பு இல்லை.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குத் தேவையில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினீர்கள். நல்ல காரியம். நானும் என் ஓய்வூதியத்தில் இருந்து 2,000 ரூபாய் கொடுத்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது, இயந்திரம் வரவில்லை. கூனிமேடு குப்பத்தில் இருந்து வந்து படித்த ஒருவன், “எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சு, மீதி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். யாரோ ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். மூன்றாம் முறை குரல் பதிவில் கேட்டான். சத்தமாகத்தான் கேட்டான். “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று ஒரு வார்த்தையும் விட்டான். உடனே, சென்னையில் நல்ல வேலையில் இருக்கும் இன்னொருவன் எழுதினான்: “இந்தக் குப்பத்துத்தனமான பேச்சையெல்லாம் இங்க வெச்சுக்காத.”

ஒன்பது பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டீர்கள். எண்ணினேன். கேட்டவன் ஒரு வார்த்தையும் பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

எழுதியவனுக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினான். “டீச்சர், நான் கெட்ட வார்த்தை ஒண்ணும் எழுதலையே. நீங்கதான நாலாம் வகுப்புல ‘தனம்’ சேர்த்து வாக்கியம் எழுதச் சொல்லிக் குடுத்தீங்க? இலக்கணப்படி சரிதான டீச்சர்?” என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தது உண்மைதான். பாதிப் பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டேன் போலிருக்கிறது. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். நான் புலவர் பட்டம் வாங்கியவள் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், அதன் பிறகு 36 வருடம் கரும்பலகை, அவ்வளவுதான் என் தகுதி. தவறு இருந்தால் தமிழ் படித்தவர்கள் திருத்துங்கள்.

முதலில் இலக்கணம். பெயரைச் சிறப்பித்தால் பெயரடை. வினையைச் சிறப்பித்தால் வினையடை. ‘எப்படிப்பட்ட?’ என்று கேட்டால் பெயரடை வரும், ‘எப்படி?’ என்று கேட்டால் வினையடை வரும். பெரும்பாலும் ‘ஆன’ என்று முடிவது முன்னது, ‘ஆக’ என்று முடிவது பின்னது. இதுவரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இனிமேல் உள்ளதுதான் நான் சொல்லாமல் விட்டது. கீழே உள்ள ஐந்து வாக்கியங்களையும் மெதுவாகப் படியுங்கள்.

1. அவர் அநாகரிகமாகப் பேசினார்.
2. அவர் பேசியது அநாகரிகமான பேச்சு.
3. அவர் அநாகரிகமான ஆள்.
4. அந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே அநாகரிகமானவர்கள்.
5. அது அந்த ஊர்த்தனமான பேச்சு.

ஐந்திலும் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. பரீட்சையில் எழுதியிருந்தால் ஐந்துக்கும் மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் ஐந்தும் ஒன்றா?

முதல் இரண்டு வாக்கியமும் ஒரு செயலைச் சொல்கின்றன. “அப்படி என்ன பேசினார்?” என்று திருப்பிக் கேட்கலாம். பேசிய வார்த்தையை எடுத்துக்காட்டிச் சரிபார்க்கலாம். அவர் வருத்தம் தெரிவித்தால் விஷயம் முடிந்துவிடும். மூன்றாவது வாக்கியம் ஒரு நாள் பேச்சை எடுத்து ஓர் ஆளின் ஆயுசு முழுவதும் ஒட்டிவிடுகிறது. நேற்று அவர் யாருக்காவது ரத்தம் கொடுத்திருந்தாலும் கணக்கில் வராது. நான்காவது வாக்கியம், அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் எழுப்பிக் குற்றவாளி ஆக்குகிறது. ஐந்தாவதுதான் மிகவும் மோசம். அதில் ‘அநாகரிகம்’ என்ற சொல்லே இல்லை. தேவைப்படவில்லை. ஊரின் பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. என்ன தப்பு என்று எழுதியவன் சொல்லவும் வேண்டாம், படித்தவன் கேட்கவும் வேண்டாம். சண்டை போடக்கூட அதில் பிடி கிடைக்காது. அதனால்தான் அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் வெளியே போனான்.

அடுத்தது ‘தனம்’. நாலாம் வகுப்பில் நான் கொடுத்த உதாரணங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கஞ்சத்தனம், முரட்டுத்தனம், சோம்பேறித்தனம், போக்கிரித்தனம். இவை எல்லாம் சரி. ஏன் சரி? கஞ்சன் நாளைக்குக் கையை நீட்டிக் கொடுத்தால் கஞ்சன் இல்லை. சோம்பேறி காலையில் எழுந்து வேலைக்குப் போனால் சோம்பேறி இல்லை. இந்தச் சொற்கள் நடத்தையில் இருந்து பிறந்தவை. நடத்தை மாறினால் உதிர்ந்துவிடும்.

‘பட்டிக்காட்டுத்தனம்’ என்று எழுதிப் பாருங்கள். பட்டிக்காட்டில் பிறந்தவர் என்ன செய்தால் அது உதிரும்? குப்பத்தில் பிறந்தவர் எவ்வளவு மெல்லப் பேசினால் அவர் குப்பத்துக்காரர் இல்லாமல் போவார்? இங்கே ‘தனம்’ ஒட்டியிருப்பது நடத்தையில் இல்லை, பிறந்த இடத்தில். ‘பொம்பளைத்தனமா அழாத’ என்பதும் இதே கதைதான். ‘நொண்டிச் சாக்கு’, ‘செவிடன் காதில்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதும் இதே கதைதான். காது கேட்காத குழந்தை ஒன்று என் வகுப்பில் இருந்த வருடம்தான் அந்தப் பழமொழியை நான் நிறுத்தினேன். அதற்கு முன்னால் எத்தனை முறை சொன்னேனோ.

ஆகவே சோதனை சுலபமானது. அந்த ஆள் திருந்தினால் அந்தச் சொல் அவரை விட்டுப் போகுமா? போகும் என்றால் எழுதலாம். போகாது என்றால் பேனாவை மூடுங்கள்.

குப்பம் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடு குப்பம் என்று நம் கடற்கரை முழுக்கக் குப்பங்கள்தான். கடலுக்குப் போகிறவர்கள் கூடி வாழும் ஊர். அவ்வளவுதான் அதன் பொருள். ‘நகர்’, ‘காலனி’, ‘என்கிளேவ்’ என்பது போல அது ஓர் ஊர்ப்பெயர். ‘என்கிளேவ்தனமான பேச்சு’ என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் பத்து வருடம் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்வதற்கு நம் மொழியில் ஒரு பெயரடை இல்லை. சத்தமாகப் பேசுவதற்கு மட்டும் நாலைந்து வைத்திருக்கிறோம். இதை யோசியுங்கள்.

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து எத்தனை உயிர் போனது என்று உங்களுக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போய்த் திரும்பிய அன்றைக்கே என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதில் ‘குடிகாரக் குப்பம்’ என்று இருந்தது. விஷத்தைக் காய்ச்சி விற்றவனுக்கு அதில் அடைமொழி எதுவும் இல்லை. செத்தவர்களின் ஊருக்குத்தான் அடைமொழி. அனுப்பியவர் எனக்குச் சொந்தம். இந்தப் பதிவையும் படிப்பார்.

‘சேரி’ என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. 2023 நவம்பரில், நடிகையும் அப்போது தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராகவும் இருந்த குஷ்பு, தன்னை விமர்சித்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது ‘சேரி மொழி’ தனக்கு வராது என்ற பொருளில் எழுதினார். பெரிய எதிர்ப்பு வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்புக்குரியவர் என்று பொருள் என்று விளக்கம் சொன்னார். வேளச்சேரி, செம்மஞ்சேரி என்று ஊர்ப்பெயர்கள் இல்லையா என்றும் கேட்டார். நான் இங்கே கட்சி பேச வரவில்லை. எந்தக் கட்சிக்காரர் வாயிலும் இந்த மாதிரிச் சொல் வந்திருக்கிறது. என் கேள்வி வாக்கியத்தைப் பற்றியது மட்டும். சேரி என்பது வெறும் ஊர்ப்பெயர் என்றால் ‘சேரி மொழி’ என்பது ஏன் வசவாக வந்தது? ‘வேளச்சேரி மொழி எனக்கு வராது’ என்றா எழுதினார்? பெயராக நிற்கும்போது சும்மா இருக்கிற சொல், அடையாக முன்னால் வந்து நின்றதும் கல்லாகிவிடுகிறது. அதுதான் விஷயம்.

அந்தச் சொல்லின் பழைய கதையையும் கேளுங்கள். காஞ்சிபுரத்துப் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகத்தில் படித்தீர்களே, அதுதான். பத்தாம் நூற்றாண்டு. அதில் அந்த ஊரை 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் சொல்லியிருக்கிறது. அந்த ஊர் யார் ஊர் தெரியுமா? சதுர்வேதி மங்கலம். வேதம் ஓதிய அந்தணர்களுக்கு விடப்பட்ட ஊர். அவர்கள் குடியிருந்த தெருக்களுக்குப் பெயர் சேரி! சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை என்று ஒரு காதையே இருக்கிறது. கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு வெளியே தங்கிய இடம் அது. தஞ்சைப் பெரிய கோயிலுக்காக ராஜராஜன் வரவழைத்த நானூறு பெண்களுக்கு வீடு கொடுத்த தெருக்களுக்குத் தளிச்சேரி என்று பெயர். நமக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கினான். இன்றைக்கும் சனி ஞாயிறு ஆனால் கார் கார் ஆக நம் ஊரைத் தாண்டி அங்கேதானே போகிறார்கள்!

அதற்காகப் பழங்காலம் எல்லாம் தேன் என்று நான் சொல்ல மாட்டேன். அதே தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே கோடு கிழித்துவிட்டார்கள். பிறகு மெல்ல மெல்ல மற்ற தெருக்காரர்கள் எல்லாம் தங்கள் தெருவுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டுக்கு வெளியே வைக்கப்பட்டவர்களிடம் மட்டும் அந்தச் சொல் தங்கிவிட்டது. அப்புறம் அந்தச் சொல்லையே வசவு ஆக்கினோம். சொல் கெட்டது என்றா நினைக்கிறீர்கள்? சொல்லுக்கு என்ன தெரியும்!

இதில் தமிழ் மட்டும் தனியாக மாட்டவில்லை. இங்கிலீஷில் ‘வில்லன்’ என்கிறோமே, அது முதலில் பண்ணையில் வேலை செய்த குடியானவனுக்குப் பெயர். ‘பரையா’ என்று ஒரு சொல் இங்கிலீஷ் அகராதியில் இருக்கிறது. ஒதுக்கி வைக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று பொருள் போட்டிருப்பார்கள். அது நம் ஊரில் இருந்து போன சாதிப்பெயர். பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த பெயர். பன்னாட்டு அரசியல் கட்டுரைகளில் ஏதோ ஒரு நாட்டைத் திட்ட அதை எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு நம் தெரு தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் பிறந்து இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைக்குத் தெரியும்.

‘அடச் சண்டாளா!’ என்பது எங்கள் பாட்டி வாயில் ஒரு நாளைக்கு நாலு முறை வரும். பால் பொங்கினாலும் சண்டாளப் பால்தான். சண்டாளர் என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் இருக்கும் ஒரு பெயர் என்று எனக்கே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் தெரியும். சாதிச் சான்றிதழுக்கான பட்டியலைப் பார்த்தபோது அந்தப் பெயரைக் கண்டு திகைத்துப் போனேன். 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், அந்தச் சொல்லை இழிவாகப் பயன்படுத்தக் கூடாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்று சொன்னது. “பாட்டி காலத்துல இருந்து சொல்றோமே, இதுக்கெல்லாமா கேசு?” என்று என் தம்பி கேட்டான். பாட்டி காலத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இருந்தார்களே, அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசு என்றேன்.

இப்போது என் கணக்கு. மற்றவர்களுக்குச் சிவப்பு மையால் திருத்துகிறவள் தன் நோட்டையும் காட்ட வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைநாள். பெரிய சார் கூப்பிட்டு ஏதோ படிவம் எழுதச் சொன்னார். எழுதிவிட்டு ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பினால் ஒரே இரைச்சல். வாசலில் நின்று கத்தினேன்: “இதென்ன கிளாஸா, மீன் மார்க்கெட்டா?” எல்லா ஆசிரியரும் சொல்வதுதான். நானும் வருடக்கணக்கில் சொன்னதுதான். வகுப்பு அடங்கிவிட்டது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றது. “டீச்சர், எங்கம்மா மீன் மார்க்கெட்லதான் இருக்காங்க. அங்க கத்தலன்னா மீன் விக்காது டீச்சர்” என்றது.

எதிர்த்துப் பேச வேண்டும் என்று அது பேசவில்லை. பத்து வயது. எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை போல என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘ஆமாம்டி கண்ணு, நான் சொன்னது தப்பு’ என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “எதிர்த்துப் பேசாத, உக்காரு.” பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வருடம் முழுக்க அந்தக் குழந்தை தானாக எழுந்து ஒரு பதிலும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லும். அதுவாகச் சொல்லாது.

பிறகு ஒரு முறை விடிகாலையில் கரைக்கு மீன் வாங்கப் போனேன். படகு வந்து நின்று ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் விலை சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற பெண்கள் ஏற்றிக்கொண்டே போனார்கள். காற்று, அலை, எஞ்சின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே குரல் போனால்தான் விலை கேட்கும். ஒரு நொடி தாமதித்தால் கூடை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த நேரத்துக்குள், இத்தனை ரூபாய்க்கு எடுத்தால் ஆட்டோ வாடகை போக, ஐஸ் போக, திண்டிவனத்தில் எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று அந்த அம்மா மனக்கணக்குப் போட்டு முடித்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஐந்தாம் வகுப்பில் லாப நஷ்டக் கணக்கு நடத்த நான் மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். நான் இரைச்சல் என்று நினைத்தது அங்கே வேலை. வகுப்பில் பிள்ளைகள் போட்டது வெட்டி அரட்டை. இரண்டையும் ஒன்றாக வைத்து நான் திட்டியது பிள்ளைகளைக்கூட இல்லை. அந்தக் குழந்தையின் அம்மாவைத் திட்டியிருக்கிறேன்.

அந்தக் குழந்தை இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டால், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன். நீ சொன்னது சரி கண்ணு. நான் சொன்னது தப்பு.

“அப்போ யாரையுமே திட்டக் கூடாதா டீச்சர்? எல்லாரையும் கொஞ்சிக்கிட்டே இருக்கணுமா?” என்று கேட்பீர்கள். நன்றாகத் திட்டலாம். தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது. பேச்சில் பக்குவம் இல்லை என்றால் இங்கிதமற்ற பேச்சு. வேண்டுமென்றே குத்தினால் வன்மமான பேச்சு. பதவியைக் காட்டி மிரட்டினால் ஆணவமான பேச்சு. அடுத்தவன் இடத்தை மடக்கினால் அடாவடியான செயல். பெண் பிள்ளைகளிடம் அசிங்கமாக நடந்தால் வக்கிரமான நடத்தை. ஒவ்வொன்றும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ‘அநாகரிகம்’ என்று ஒரே முத்திரையைக் குத்துவது சோம்பேறித்தனம். இந்த ‘தனம்’ சரியான ‘தனம்’, பாருங்கள்.

கடுமையான சொல் வேண்டிய இடத்தில் மெல்லிய சொல் போடுவதும் தப்புதான். டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை வைத்திருந்ததை ‘அந்தக் காலத்துப் பழக்கம்’ என்று சொல்லும் பெரியவர்கள் நம் குடும்பத்தில் உண்டு. பழக்கமாம்! சாப்பிட்டதும் வெற்றிலை போடுவது பழக்கம். அது கொடுமையான செயல். கொடுமை என்றே எழுதுங்கள். சத்தமாகக் கணக்குக் கேட்டவனுக்குக் கல்லும், தனிக் குவளை வைத்தவனுக்குப் பஞ்சும் என்றால் அந்தத் தராசில் கோளாறு இருக்கிறது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் வாசலிலேயே நிற்பார்கள், நினைவிருக்கிறதா? உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்திருக்கும். வெயிலில் உப்பின் வெளிச்சம் பட்டுக் கண் சிவந்திருக்கும். “பாக்கவே அசிங்கமா இருக்கு, கால் கழுவிட்டு வரக் கூடாதா?” என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அவர் வீட்டுச் சாம்பாரில் போட்ட உப்பை யார் வாரியது? அசிங்கம் என்பது நடத்தைக்குச் சொல்ல வேண்டிய சொல். வேலை செய்த காலுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் அசிங்கமாக நடந்தது ஒருவர்தான், அவர் கால் சுத்தமாக இருந்தது.

‘நாகரிகம்’ என்ற சொல்லே நகரத்தோடு ஒட்டிப் பிறந்தது. நகரத்து நடை என்பதுதான் முதல் பொருள். ஆனால் வள்ளுவர் அதை எங்கே வைத்தார் தெரியுமா? கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், 580ஆவது குறளில். பழகியவர் நஞ்சைக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்தாலும் முகம் கோணாமல் இருப்பவரே நாகரிகம் விரும்புகிறவர் என்கிறார். நகரமும் இல்லை, உடையும் இல்லை, மெல்லிய குரலும் இல்லை. அடுத்தவர் மேல் வைக்கும் இரக்கம்தான் அவருக்கு நாகரிகம். அந்த அளவுகோலை நம் குழுவில் வைத்துப் பார்த்தால் யார் தேறுவார்கள்? கட்டைவிரல் போட்ட ஒன்பது பேரும் யோசியுங்கள்.

சொற்கள் இறங்கியும் போகும், ஏறியும் வரும். ‘கேவலம்’ என்று எவ்வளவு சுலபமாகத் திட்டுகிறோம். அதன் பழைய பொருள் தனித்தது, கலப்பில்லாதது. நம் மாவட்டத்து மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போய்க் கேளுங்கள். அவர்களுக்குக் கேவல ஞானம் என்பது அடையக்கூடிய ஞானத்திலேயே உச்சம். அப்பேர்ப்பட்ட சொல்லை நாம் இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கிறோம். கீழே இறக்கத் தெரிந்த நமக்கு மேலே ஏற்றவும் முடியும். ‘குப்பத்துத் தைரியம்’ என்று யாராவது எழுத ஆரம்பியுங்களேன். சுனாமி அன்று யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, குழுவில் வந்த அந்த வாக்கியத்தைத் திருத்துகிறேன். ஆசிரியை வேலை அதுதானே.

எழுதியது: “இந்தக் குப்பத்துத்தனமான பேச்சையெல்லாம் இங்க வெச்சுக்காத.”

திருத்தியது: “நீ கணக்குக் கேட்டது சரி. ஆனால் குரலை உயர்த்தியதும் கொழுக்கட்டை என்று சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை.”

திருத்தி எழுதியதும் என்ன தெரிகிறது? கணக்கு தெரிகிறது! அந்தப் பையன் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மீதி யாரிடம்? மூன்று முறை கேட்டும் பதில் வரவில்லை. ஒரே ஒரு பெயரடை வந்ததும் கேள்வியே காணாமல் போய்விட்டது. கேட்டவனின் ஊர் எதுவென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, பணம் எங்கே என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்று மழைநாளில் நானும் அதைத்தானே செய்தேன்? ஒரு குழந்தை சரியான பதிலைச் சொன்னது, ‘எதிர்த்துப் பேசாத’ என்று பதிலைப் புதைத்தேன். ஆளின் மேல் அடைமொழியை ஒட்டுவது பெரும்பாலும் இதற்காகத்தான், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க. இனிமேல் யாராவது யாரையாவது அப்படிச் சொன்னால், ‘சரி, அவர் என்ன கேட்டார்?’ என்று முதலில் தேடிப் பாருங்கள்.

வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். 36 வருடம் கொடுத்துப் பழகிவிட்டது.

பணம் வைத்திருப்பவர்கள் வரவு செலவைக் குழுவில் போடுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் தாமதம் செய்திருக்கலாம், அதையும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் அந்த உப்புக்கரிக்கும் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கட்டைவிரல் போட்டவர்கள் அதை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியும், என் பேத்தி காட்டிக் கொடுத்தாள்.

எழுதிய தம்பிக்கு: நீ கெட்ட பிள்ளை இல்லை. நான் சொன்ன பாடத்தின்படி உன்னை ‘திமிர் பிடித்தவன்’ என்று நானும் எழுதக் கூடாது. நீ எழுதிய அந்த ஒரு வாக்கியம் திமிரான வாக்கியம். அவ்வளவுதான். அவனை நீயே போனில் கூப்பிடு. ‘உன் மனசு புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு’ என்று சுற்றி வளைக்காதே. ‘நான் எழுதியது தப்பு’ என்று சொல். அவனும் கொழுக்கட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லுவான், எனக்குத் தெரியும், அவனுக்கும் நான்தான் பாடம் நடத்தினேன்.

அவன் திரும்பக் குழுவுக்கு வரும்வரை நானும் அதில் இல்லை. இன்று காலையில் வெளியேறிவிட்டேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை வெளியே நிற்க வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் நடத்த எனக்கு மனசு வரவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கூனிமேடு.